மூன்று வயதுக் காருக்குச் சாட்சி யார்?

“இந்த மாதமே கப்பலேற்றாவிட்டால் கார் இறக்குமதி வயதெல்லையைத் தாண்டிவிடும், இன்றே முற்பணம் கட்டுங்கள்” என்று விற்பனையாளர்கள் நெருக்குவதாக வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சிலர் ஜப்பானிய ஏல அறிக்கையின் பிரதியையும் இணைத்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: “4.5 புள்ளி போட்டிருக்கிறது, பத்து வருடம் ஓடுமா?”

அந்தப் புள்ளிக்கும் பத்து வருடத்துக்கும் சம்பந்தமில்லை. ஏலக்கூடப் பரிசோதகர் அவசர அவசரமாகப் பார்த்து எழுதுவது பெரும்பாலும் காரின் மேனியை. ‘ஏ1’ என்றால் சிறு கீறல், ‘யூ2’ என்றால் நெளிவு, ‘டபிள்யூ’ என்றால் திருத்திப் பெயின்ற் அடித்த இடம், ‘ஆர்’ என்றால் அடிபட்டுத் திருத்திய வண்டி. ஹைபிரிட் பற்றரியில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

அப்படியானால் ஓடிய கிலோமீற்றரையாவது நம்பலாமா? சிக்கலே இங்கேதான்.

ஜப்பானில் புதிய தனியார் காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாம் ஆண்டில். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ‘ஷாக்கென்’ என்பார்கள். வரி, கட்டாயக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து செலவு கையைக் கடிக்கும். அதனால் அதற்குச் சற்று முன்பாகவே காரை விற்றுவிடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். பரிசோதனைக்குப் போகும் காரின் மீற்றர் அளவு அதன் சான்றிதழில் பதிவாகும். அடுத்த தடவை அளவு குறைந்திருந்தால் களவு வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தபோது, நமது இலங்கை அரசு கார்களுக்கு வைத்த வயதெல்லை மூன்று. பழைய இரும்பு நாட்டுக்குள் வராது என்று ஆறுதல்பட ஒரு காரணம் அது. ஆனால் மூன்று வயது ஆகாத தனியார் கார் ஷாக்கெனுக்கே போயிருக்காது. அதாவது, மீற்றரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அரசாங்கப் பதிவு இல்லாத கார்களாகப் பார்த்துத்தான் நமது சட்டம் பொறுக்கி எடுக்கிறது! ஏலக்கூடங்கள் பழைய ஏலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. முதன்முறை ஏலத்துக்கு வரும் வண்டிக்கு ஒப்பிட எதுவும் இல்லை. இன்னொரு வேடிக்கை: அங்கே வாடகைக் கார்களுக்கு முதல் பரிசோதனை இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடும். ஆகவே மூன்று வயதுக்குள் ஷாக்கென் பதிவோடு ஒரு கார் வந்தால், கைமாறிக் கைமாறி ஓடிய வாடகைக் காராக இருக்கவும் இடமுண்டு.

மிஞ்சும் சாட்சி, டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கும் பராமரிப்புக் கொப்பி. வருடாந்தச் சோதனை ஒவ்வொன்றிலும் திகதியும் கிலோமீற்றரும் குறித்திருப்பார்கள். எழுத்து ஜப்பானியமானாலும் எண்கள் நமக்குப் புரியும். ஓயில் மாற்றிய ஸ்டிக்கர் கதவு விளிம்பில் ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். கொப்பி ‘தொலைந்துவிட்டது’ என்றால், ஏன் தொலைந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

ஒரு காரின் ஆயுளை அதன் மொடலின் வரலாறு ஓரளவு சொல்லும். 2013இல் வெளிவந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், சுமார் ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவை திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது, அவற்றில் சில கியர் முறைக் கோளாறுக்காக. நிறுவனத் தலைவரே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். நம் ஊரில் கொடிகட்டிப் பறந்த வெசல் ஹைபிரிட்டிலும் அதே வகை கியர் முறைதான். புது மொடலின் முதல் வருட வண்டியை, ஜப்பானியமாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

இனி மற்றக் கேள்விகள்.

உள்நாட்டில் பொருத்திய கார் நம்பகமானதா? எஞ்சினும் கியரும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருபவையே. ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற பெயரைவிட, உத்தரவாதப் பத்திரத்தில் எழுதியிருப்பதும் உதிரிப்பாகம் கிடைப்பதுமே முக்கியம்.

ஹைபிரிட் நம் வெயிலைத் தாங்குமா? அக்குவா போன்றவற்றில் பின் இருக்கையோரம் உள்ள காற்றுத் துவாரத்தைத் தூசு அடைக்காமல் வைத்திருந்தால், பற்றரிக்கு அது பெரிய உதவி.

அடிப்பாகத் துரு? பனிக்கு உப்புத் தூவும் வட ஜப்பானில் ஓடியிருக்கலாம். வண்டியை உயர்த்திப் பாருங்கள்.

ஏல அறிக்கையின் பிரதி போதுமா? போதாது, அதைக் கணினியில் திருத்துவது சின்ன வேலை.

முற்பணத்துக்கு முன் சேஸி இலக்கத்தை எழுத்தில் வாங்கி, மூல ஏலப் பதிவையும் திரும்ப அழைப்புகளையும் நீங்களே சரிபாருங்கள். இலக்கம் தர மறுப்பவரிடம் காசு கட்டவேண்டாம்.