வியாழன் தவறாத கணக்கு

போயிங்கில் இருந்த ஆலன் முலாலி 2006 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். வந்ததும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வியாழக்கிழமைதோறும் துறைத் தலைவர்கள் கூட வேண்டும். தங்கள் துறையின் நிலவரத்தை அவரவரே சொல்ல வேண்டும். உதவியாளரைப் பேசவிட்டுத் தப்பிக்க முடியாது.

அறிக்கைக்கு மூன்று நிறங்கள். திட்டப்படி நடந்தால் பச்சை, சறுக்கும்போல் தெரிந்தால் மஞ்சள், சிக்கி நின்றால் சிவப்பு.

முதல் சில வாரங்கள் எல்லாத் தாள்களும் பச்சையாகவே வந்தன. ஆனால் ஃபோர்டு அந்த ஆண்டு 1,200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்டது!

ஒரு வியாழனன்று, அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். 'எட்ஜ்' காரில் ஒரு கோளாறு. கனடா ஆலையிலிருந்து வண்டிகளை அனுப்புவதை அவரே நிறுத்தி வைத்திருந்தார். அறை உறைந்துபோனது. முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். உடனே மற்ற துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு யோசனையுடன் முன்வந்தார்கள். ஃபீல்ட்ஸின் வேலை போகவில்லை என்று உறுதியானதும், மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டத் தொடங்கின. 2014இல் முலாலியின் நாற்காலிக்கு வந்தவர் அதே ஃபீல்ட்ஸ்தான்.

கெடுவில் கண்டிப்பு, உண்மைக்கு அரவணைப்பு

நம் அலுவலகங்கள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. மாத அறிக்கை பத்து நாள் தாமதமானால், "கீழேயிருந்து கணக்கு வரவில்லை" என்ற பதிலோடு விட்டுவிடுகிறோம். கெட்ட செய்தியைக் குறித்த நாளில் கொண்டுவந்தவரோ எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்குகிறார். பிறகு யார் நேரத்தோடு உண்மையைச் சொல்வார்கள்?

பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் நிதி முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. ஆண்டின் கடைசிக் காலாண்டுக்கு மட்டும் 60 நாள். முதலீட்டாளர்களுக்குக் காட்டும் இந்த ஒழுங்கை உள்ளே, தலைமைக் குழுவிடமும் கேட்க வேண்டும். மேலாளர் தாமதித்தால் குறிப்பாணை, இயக்குநர் தாமதித்தால் மௌனம் என்றிருந்தால் எந்தக் கெடுவுக்கும் மதிப்பிருக்காது.

சிவப்பைக் காட்டியதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் நின்று, என்ன மாறியது என்று சொல்ல வேண்டும். ஃபோர்டு மீண்டதற்கு 2006இல் சொத்துகளை அடகு வைத்துத் திரட்டிய பெருங்கடனும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பணம் எங்கே தேவை என்பதை மறைக்காமல் சொல்லும் தலைமைக் குழுவும் வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலான 2009இல், ஃபோர்டு லாபம் ஈட்டியது.