உடம்பு பிடித்துவிடுதலின் வகைகளும் பயனும்

நடவும் அறுப்பும் முடிந்த நாட்களில், குனிந்து நிமிர்ந்து இடுப்பு நொந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முதுகை மிதிக்கச் சொல்வதும், காலை அமுக்கிவிடச் சொல்வதும் கிராமங்களில் எங்கும் காணும் வழக்கம். இது சோம்பேறிகளின் சுகம் என்று படித்தவர் சிலர் பரிகசிக்கிறார்கள். வேறு சிலரோ எந்த நோவு கண்டாலும் எண்ணெயைக் காய்ச்சித் தேய்ப்பதையே கதியாகக் கொள்ளுகிறார்கள். இரண்டும் பிசகு. பிடித்துவிடுவதில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு. கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு.

சித்த வைத்தியத்தில் புறமருத்துவ முறைகளை 32 என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். மேனாட்டில் ‘ஸ்வீடன் மசாஜ்’ என்று வழங்கும் முறைக்கு, 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக் கலாசாலை ஒன்றை ஸ்தாபித்த பெர் ஹென்ரிக் லிங் என்பவரே கர்த்தா என்று பலரும் சொல்வர். ஆயினும் நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்று அதைப் பாகுபடுத்தியவர் ஆம்ஸ்டர்டாம் டாக்டர் யோஹான் மெஸ்கர் (1838–1909) என்பதே சரித்திரம் ஆராய்ந்தோர் கொள்கை. இரண்டு வகுப்பையும் ஒப்பிட்டால், நம்மவர் தசையோடு நில்லாமல் மூட்டை இழுப்பதையும் அசைப்பதையும் சேர்த்து எண்ணியிருப்பது தெரியவரும்.

இனி இவை வேலைசெய்யும் விதத்தைக் கவனிப்போம். காலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே கை அவ்விடத்தைத் தேய்க்கப் போகிறது. தேய்த்தவுடன் வலி சற்றுக் குறைவது பிரமை அன்று. வலியின் செய்தியும் தொடுகையின் செய்தியும் முதுகுத்தண்டின் நரம்பு வழியாகவே மூளைக்குச் செல்லவேண்டும். அவ்விடத்தில் ஒரு வாயில் இருப்பதுபோலவும், தொடுகையின் செய்தி மிகும்போது வலிக்குரிய வழி குறுகுவதுபோலவும் மெல்ஸாக், வால் என்னும் இரு சாஸ்திரிகள் 1965இல் விளக்கினார்கள். மெல்ல நீவிவிடுவதன் பயனில் பெரும்பகுதி இதுவே. மனக்கலக்கம் தணிவதும், தூக்கம் வருவதும் இதனோடு சேர்ந்தவை.

பிசைதல் என்பது தசையைக் கையால் பற்றித் தூக்கி, மாவு பிசைவதுபோல் பிசைவது. கெண்டைக்கால், தொடை, தோள்பட்டை ஆகிய சதைப்பற்றுள்ள இடங்களுக்கு இது ஏற்றது. இறுகிய தசை தளர்ந்து, மூட்டு சிறிது நேரத்திற்குத் தாராளமாக மடங்கும். உழைத்த தசையில் தங்கிய புளிப்பு நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று சொல்லிப் பணம் வாங்குவோர் உண்டு. அது சரியன்று. அந்தப் புளிப்பு வேலை நின்ற ஒரு மணி நேரத்திற்குள் தானாகவே நீங்கிவிடும். மறுநாள் தோன்றும் நோவுக்குக் காரணம், பழகாத வேலையால் தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சிதைவு. பிடித்துவிட்டால் அந்த நோவு ஓரளவு தணியும், அவ்வளவே. இடுப்புவலிக்கும் இப்படித்தான்: சில நாட்கள் சுகம் கிடைக்கும். நடமாட்டத்தை விடாமல் இருப்பதும், முதுகுக்குரிய பயிற்சிகளைச் செய்வதும் அதனோடு சேராவிட்டால் வலி திரும்பவும் வரும்.

லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் ஸிரியாக்ஸ் (1904–1985) எண்ணெயே இல்லாமல், விரல் நுனியால் தசைநாணின் குறுக்கே அழுத்தித் தேய்க்கும் முறையைக் கற்பித்தார். இதன் பயனைப்பற்றி வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கிறது. இதற்கு நேர்மாறானது டென்மார்க் தேசத்து எமில் வாடர் 1930களில் வகுத்த முறை. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நிணநீரை, தோலைப் பட்டும் படாமலும் நகர்த்தும் மெல்லிய கைப்போக்கினால் மேல்நோக்கிச் செலுத்துவது அது. வீங்கிய காலை எவ்வளவு பலமாக அமுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். யானைக்கால் வீக்கமுடையோர் பலமாகத் தேய்ப்பதைவிட, தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, இரவில் காலை உயர்த்தி வைத்துக்கொள்வது மேல்.

வீட்டில் செய்வோர், வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சிறிது எடுத்து, பாதத்திலிருந்து தொடைநோக்கி நீண்ட போக்காக நீவி, பின் பிசைந்து, முடிவில் திரும்பவும் நீவினால் போதும். ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் தாராளம். எண்ணெய், கை வழுக்கிச் செல்வதற்கே. அது எலும்புவரை இறங்குவதில்லை. முதுகெலும்பின்மேல் நேராக அழுத்தலாகாது. மூப்பினால் எலும்பு தேய்ந்தவர்களின் முதுகைப் பிள்ளைகள் மிதிப்பதை அறவே நிறுத்தவேண்டும்.

சிசுக்களின் விஷயம் தனியே சொல்லத்தக்கது. காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் காலின்மீது கிடத்தி எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் நம் பாட்டிமாரின் கைப்பழக்கம் நல்லதே. டாக்கா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குறைமாதச் சிசுக்களின் தோலில் சூரியகாந்தி எண்ணெயை மெல்லப் பூசிவந்ததில், தொற்றுநோய் குறைந்ததாக 2005இல் பிரசுரமாயிற்று. ஆனால் குளிப்பாட்டி முடித்து, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதும் பழக்கம் மிகவும் கொடியது. தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமி வெளியேற்றும். எண்ணெயோ இருமலைக் கிளப்பாமலே சுவாசப்பைக்குள் இறங்கி அங்கேயே தங்கி, கபவாத சுரத்தைப்போன்ற வியாதியை உண்டாக்கும். மூக்கு, காது, கண் மூன்றிலும் ஒரு சொட்டும் விடலாகாது.

இனி, கை வைக்கக்கூடாத இடங்கள். புதிதாகச் சுளுக்கு விழுந்த மூட்டை முதல் இரண்டு நாட்கள் உருவுவது வீக்கத்தை வளர்க்கும். ஈரத்துணி சுற்றி, உயர்த்தி வைத்து ஓய்வளிப்பதே முறை. மாமரத்திலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கை வீங்கியிருந்தால் அதைச் சுளுக்கென்று தீர்மானித்துத் தேய்ப்பதற்கு யாருக்கும் அதிகாரமில்லை. எலும்பு முறிந்திருக்கலாம், அதை எக்ஸ்ரே படமே காட்டும். அடிபட்ட முழங்கையை ஓயாமல் தேய்த்தால், தசைக்குள் புதிதாக எலும்பு படிந்து, கை மடங்காமலே நின்றுவிடுவது உண்டு. மூங்கில் பத்தையை இறுகக் கட்டுவதால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்கள் நகம்போல் வளைந்து சூம்பிவிடுவதை ஜெர்மானிய வைத்தியர் வோல்க்மன் 1881லேயே எழுதினார். வைத்தியச் செலவுக்குக் கடன் கேட்கும் மனுக்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு ஒன்று தெரியும்: முறிந்த அன்றே கட்டுவதற்கு ஆகும் செலவு சிறிது, தேய்த்துக் கெடுத்தபின் ஆகும் செலவே குடும்பத்தின் நிலத்தில் கைவைக்கிறது.

மற்றொன்று வெளிக்குத் தெரியாத அபாயம். பிரசவித்த தாய்மாரும், சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்களும், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களும் ஒரு கால் மாத்திரம் வீங்கி, கெண்டைச்சதை கனத்து வலிக்கிறது என்றால், உள்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து சுவாசப்பைக்குச் சென்று, சில நிமிஷங்களில் உயிரைப் போக்கிவிடக்கூடும். பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெய் தேய்த்து உருவும் வழக்கமுள்ள வீடுகளில், தேய்க்க அமர்பவர் முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பருமனைப் பார்க்கவேண்டும். ஒன்று மற்றதைவிடப் பருத்து, சூடாக இருந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டும். நடத்திக் கூட்டிச் செல்லலாகாது.