சிற்றூர்திக்கு ஏற்ற எஞ்சின்

ரேடியோ அலைகளின் ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கரடுமுரடான மண்பாதையில் தாவியோடும் சிறு டிரக்குக்கு நைட்ரோ எஞ்சின் வாங்கப் புகுவோர் குதிரைசக்தியையே பிரதானமாகக் கருதுவது சகஜமாயினும், விவேகமுள்ளவர்கள் வண்டியின் எடையையும், தாழ்ந்த சுழற்சியிலேயே கிட்டும் இழுவிசையையும் முதலில் கவனிப்பார்கள்.

மெதனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளை, ஓடும்போது மின்பொறி ஏதுமின்றி, பிளாட்டினக் கம்பிச்சுருளின் கனலே பற்றவைக்கிறது என்பது விந்தைதான். பித்தளைச் சிலிண்டர் உச்சியில் சற்றே குறுகியிருப்பதால், புது எஞ்சினைக் கையால் சுழற்றினால் பிஸ்டன் மேலே சென்று இறுகி நிற்கும். பழுதோ என்று மிரள்வோரும் உண்டு! உண்மையில் அவ்விறுக்கமே உத்தம லட்சணம்; பழைய எஞ்சினில் அது அறவே இல்லையெனில், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள்.