பிள்ளை திறக்கக் கூடாது, பெரியவர் திறக்க வேண்டும்!
பாதுகாப்பு மூடிகள் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் உறுப்பினர்களின் கடைகளில் அவ்வப்போது நடப்பதுதான் இது. முதல் நாள் வாங்கிச் சென்ற கழிவறை சுத்தம் செய்யும் திரவ பாட்டிலை வயதான அம்மா ஒருவர் திரும்ப எடுத்து வருகிறார். "தம்பி, மூடி அசையவே மாட்டேங்குது. வேற பாட்டில் குடு" என்கிறார். கடைப் பையன் ஒரே அழுத்தில் திறந்து, மறுபடி இறுகப் பூட்டிக் கொள்ளாதபடி மூடியை லேசாக வைத்துக் கொடுக்கிறான். அம்மாவுக்குத் திருப்தி, நமக்கும் வியாபாரம் கெடவில்லை. ஆனால் அந்த வீட்டில் மூன்று வயதுப் பேரன் ஒருவன் இருந்தால்?

அந்த மூடி ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பது நமக்குத் தெரிந்தால், வாடிக்கையாளருக்கும் விளக்கிச் சொல்ல முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

மூடி பிறந்த கதை

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் விண்ட்சர் என்ற நகரம் உள்ளது. அங்கு ஹென்றி புரோ என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். வீட்டில் இருந்த மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிய குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து அவர் மனம் நொந்து போனார். "பத்திரமாக வையுங்கள்" என்று பெற்றோருக்கு எவ்வளவோ சொல்லியும் விபத்துகள் குறையவில்லை. எனவே மூடியையே மாற்றுவது என்று முடிவு செய்தார். பீட்டர் ஹெட்ஜ்விக் என்ற தொழிலதிபரின் கைவண்ணத்தில் 1967-ல் 'உள்ளங்கையால் அழுத்தித் திருகும்' மூடி உருவானது. அந்த வட்டாரத்தில் குழந்தைகள் விஷம் உட்கொள்ளும் விபத்துகள் 91 சதவீதம் குறைந்தன. 1974-ல் ஒண்டாரியோவில் இத்தகைய மூடிகள் கட்டாயமாக்கப்பட்டன.

அமெரிக்காவில் இதற்கென 1970-ல் சட்டம் வந்தது. மாத்திரைகள் மட்டுமன்றி, காஸ்டிக் சோடா கலந்த பொருட்கள், டர்பன்டைன், மண்ணெண்ணெய் போன்ற எரிபொருட்கள் எனப் பல வீட்டுச் சரக்குகள் இச்சட்டத்தின் கீழ் வந்தன.

சூட்சுமம் எங்கே?

மூடியை வெறுமனே இறுக்கமாகச் செய்தால் குழந்தையால் திறக்க முடியாதுதான். ஆனால் மூட்டுவாதத்தால் விரல் வீங்கிய பாட்டியாலும் திறக்க முடியாது. ஆகவே பலத்தை நம்பாமல், குழந்தைக்கு இல்லாத வேறொன்றை நம்பியே நல்ல மூடிகள் அமைக்கப்படுகின்றன. நடைமுறையில் உள்ளவை மூன்று வகை:

1. அழுத்தித் திருகும் மூடி: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். அழுத்தாமல் திருகினால் வெளிமூடி மட்டும் 'டிக் டிக்' என்று சும்மா சுற்றும். அழுத்தினால் வெளிமூடியின் பற்கள் உள்மூடியைப் பிடித்துக் கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது சின்னக் குழந்தைக்குச் சிரமம். பெரியவரோ மேசை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் கை பாரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

2. பக்கவாட்டில் பிடித்துத் திருகும் மூடி: எதிரெதிரான இரு இடங்களை அமுக்க வேண்டும். அந்த இடைவெளி பிஞ்சுக் கைக்கு எட்டுவது கடினம். ஆனால் விரல் நுனியில் பலம் வேண்டும் என்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கு இதுவே அதிகத் தொல்லை தரும்.

3. குறிகளை நேர் செய்து திறக்கும் மூடி: பாட்டிலில் ஒரு அம்புக்குறி, மூடியில் ஒன்று. இரண்டும் நேராக வந்தால் நெம்பித் திறக்கலாம். இதற்குக் கைபலத்தை விடக் கண்பார்வை முக்கியம். குறி சிறிதாக இருந்தால் பார்வை மங்கியவர்கள் தடுமாறுவார்கள்.

மூடி அகலமாக இருந்து, ஓரத்தில் பிடிப்புக்கு வரிவரியாக இருந்தால் குறைந்த பலத்திலேயே திரும்பும். குறட்டின் கைப்பிடி நீளமாக இருந்தால் வேலை சுலபமாவது போலத்தான் இதுவும்.

பரீட்சை குழந்தைக்கும் உண்டு, பெரியவருக்கும் உண்டு

அமெரிக்க விதிப்படி 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து 5 நிமிடம் பார்க்கிறார்கள். பிறகு திறந்து காட்டி, பல்லால் கடித்தும் முயலலாம் என்று சொல்லி மேலும் 5 நிமிடம் தருகிறார்கள். முதல் சுற்றில் 85 சதவீதமும், முடிவில் 80 சதவீதமும் குழந்தைகள் திறக்க முடியாமல் இருந்தால்தான் தேர்ச்சி. அதாவது, இரண்டு சுற்றிலும் தேறிய மூடியைக் கூடச் சில குழந்தைகள் திறந்துவிடலாம். 'குழந்தையால் திறக்கவே முடியாத மூடி' என்று ஒன்று கிடையாது. அது கால அவகாசம் மட்டுமே தருகிறது.

தொடக்கத்தில் பெரியவர்களுக்கான சோதனை 18 முதல் 45 வயதினரிடமே நடந்தது. மூடி அவர்களுக்கு எளிதாகத் திறந்தது, முதியவர்களோ திண்டாடினார்கள். திண்டாடியவர்கள் மூடியைத் திறந்தே வைத்தார்கள், அல்லது மருந்தை வேறு டப்பாவில் கொட்டினார்கள். பாதுகாப்பு மூடி இருந்தும் பயனற்றுப் போனது. 1995-ல் விதி திருத்தப்பட்டு, 50 முதல் 70 வயதினரில் 90 சதவீதம் பேர் திறந்து மூட முடிய வேண்டும் என்று ஆனது. முதல் முறை 5 நிமிடம், அடுத்த முறை 1 நிமிடம்தான் அவகாசம். முதியவரின் சிரமத்தைத் தீர்ப்பதும் குழந்தையின் பாதுகாப்பே என்பதை இத்திருத்தம் உணர்த்தியது.

நாம் செய்யக் கூடியவை

1. பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுக்கவே கூடாது. எவ்வளவு நல்ல மூடியும் இந்த ஒரு பழக்கத்தால் வீணாகிவிடும்.

2. திறக்க முடியவில்லை என்று வருபவருக்கு மூடியைத் தளர்த்திக் கொடுக்காமல், பாட்டிலை மேசை மேல் வைத்துத் திறக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டுங்கள். அவரையே திறந்து மூடச் சொல்லுங்கள்.

3. ஒரே உபயோகத்துக்கு இரண்டு விதமான மூடியில் சரக்கு வந்தால், முதியவர்கள் அதிகம் வரும் கடையில் அழுத்தித் திருகும் வகையை முன்னால் வையுங்கள்.

4. மூடி உடைந்த, ஒழுகும் சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடாமல் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்கள்.

5. இவற்றை மிட்டாய், பிஸ்கட் அருகிலோ கீழ்த்தட்டிலோ அடுக்காதீர்கள்.

6. விபத்து நடந்துவிட்டதாக யாரேனும் ஓடி வந்தால், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆசிடும் காஸ்டிக்கும் திரும்ப வரும்போது தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

செய்து காட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தி நாம் பெரிதாக எதையும் சம்பாதித்துவிடப் போவதில்லை. நம்மிடம் சரக்கு வாங்கும் வீட்டின் குழந்தை நம் வீட்டுக் குழந்தையே என்ற எண்ணத்துடன் உறுப்பினர்கள் அனைவரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டுமென அன்புடன் கேட்டுக் கொள்கிறோம்.