நாணயப் பிழையும் நாணயச் சிதைவும்

ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் கைமாறும் காசு, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு அக்கசாலைகளுள் ஒன்றில் பிறந்தது. இரு அச்சுகளுக்கிடையே வில்லை அழுந்தும்போது உலோகம் நெகிழ்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. மெய்யான பிழை அக்கணத்திலோ அதற்கு முன்போ நேர்ந்திருக்க வேண்டும். பின்னர் நேர்வது வெறும் சிதைவு. அரிய பிழையென்று விலை பேசப்படுவனவற்றுள் சிதைவுகளும் கலந்திருப்பதால் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

அச்சிட்ட நாணயம் வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதன் உருவம் கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்து பதியும். இரு காசுகளைப் பட்டறை வைஸில் நெருக்கியும் இக்குழிவை உண்டாக்கலாம். ஆனால் அதில் பழைய எழுத்துகள் நசுங்கி அடியில் தெரியும். ஓரம் குறைந்த வில்லையில் அச்சிட்டால், குறைக்கு நேரெதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் ஓரத்தைத் தேய்ப்பவர் இதனை எண்ணுவதில்லை. கும்மிடிப்பூண்டித் தண்டவாளத்தில் நசுங்கிய காசோ அகன்று மெலிந்தும் எடை குறையாதிருக்கும். தராசு ஒன்றே இங்குப் போதாது.