கிலோ, லிட்டர், கேலன்: கணக்கில் கவனம் தேவை

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்று உண்டு. மின்வெட்டுக்காகக் கடையில் வைத்திருக்கும் ஜெனரேட்டரின் புத்தகத்தில் பெட்ரோல் செலவை மணிக்கு இத்தனை கிராம் என்று போட்டிருக்கிறான். பங்கில் கிடைப்பதோ லிட்டர். பழைய இங்கிலாந்து எஞ்சினின் கேட்லாக்கைப் புரட்டினால் அதில் கேலன். மூன்றையும் எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது? எண்ணெயைக் கிலோவில் வாங்கி லிட்டரில் விற்கும் நமக்கு இது ஒன்றும் புதிய கணக்கல்ல. ஆனாலும் பலர் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. லிட்டருக்கு ஏறக்குறைய 740 கிராம்தான் நிற்கும். சரக்குக்குச் சரக்கு இது 720-லிருந்து 775 வரை மாறும். ஜெனரேட்டர் மணிக்கு 800 கிராம் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 740-ஆல் வகுத்தால் 1.08 லிட்டர். அதை 4.546-ஆல் வகுத்தால் இம்பீரியல் கேலனில் 0.238, அதாவது கால் கேலனுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெயானாலும் பெட்ரோலானாலும் கிலோ எண்ணிக்கையைவிட லிட்டர் எண்ணிக்கை கூடுதலாகத்தான் வரவேண்டும். குறைவாக வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ராத்தல் கணக்கில் இது இன்னும் சுலபம். 1824-இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டபோது, 10 ராத்தல் தண்ணீர் கொள்ளும் அளவையே ஒரு கேலன் என்று வைத்தார்கள். ஆகவே 0.74 அடர்த்தியுள்ள பெட்ரோல் கேலனுக்கு 7.4 ராத்தல். மணிக்கு 37 ராத்தல் எரிக்கும் எஞ்சினுக்கு 5 கேலன் வேண்டும். பேப்பர், பென்சில்கூட வேண்டாம். நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் மண்ணெண்ணெய் வந்த பழைய சதுர டின் மட்டும் கேலனை விடவில்லை. அது 4 கேலன் டின், அதாவது 18 லிட்டர் சொச்சம். அதில் கடலை எண்ணெய் நிரப்பினால் பதினாறரை கிலோ பிடிக்கும்.

கேலன் என்றால் எந்த கேலன் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான், இம்பீரியலைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அமெரிக்க மிஷின் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் பழைய கேலனில் கணக்குப் போட்டால் அத்தனையும் தப்பு.

இப்படிப்பட்ட தப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாடு இம்பீரியல் அளவிலிருந்து மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. டாங்கில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்று கணக்கிட வேண்டியவர்கள், பழைய பழக்கத்தில் 1.77 என்று போட்டுவிட்டார்கள். அது லிட்டருக்கு எத்தனை ராத்தல் என்ற எண். இன்னும் 20,000 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றியதோ 5,000 லிட்டருக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. விமானி பருந்துபோல மிதக்கவிட்டுக் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கைப் போட்டவர்களும் சரிபார்த்தவர்களும் படித்தவர்கள்தான்.

அடுத்தது சூடு. சூடேறினால் பெட்ரோலின் எடை மாறாது, அளவு பெருகும். ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு 0.12 பங்கு என்பது தோராயக் கணக்கு. 12,000 லிட்டர் டாங்கரில் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் 144 லிட்டர் கூடும் அல்லது குறையும். அதனால்தான் பங்குக்காரர்கள் லோடு வந்ததும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் வைத்து, 15 டிகிரிக்கு மாற்றிய அடர்த்தியைச் சலானோடு ஒப்பிடுகிறார்கள். 3 புள்ளிக்குமேல் வித்தியாசம் இருந்தால் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும். விலை குறைவு என்று கடலூர், விழுப்புரம் வண்டிகள் நம் ஊருக்கு வந்து பெட்ரோல் போடுவது உங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலர் காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. பகல் சூடு அங்கே அவ்வளவாக எட்டாது. இயற்கை எரிவாயு பங்கில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே மீட்டர் எடையைத்தான் அளக்கிறது, விலையும் கிலோவுக்குத்தான்.

இதே சூடு எண்ணெய்ப் பாக்கெட்டிலும் விளையாடியது. 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று சிலர் அச்சடித்தார்கள். அந்தச் சூட்டில் சோயா எண்ணெய் லிட்டருக்கு 890 கிராம்போலத்தான் நிற்கும். நம் கடைச் சூட்டில் 910 நிற்க வேண்டும். பாக்கெட்டுக்கு 20 கிராம் போயிற்று. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, டிகிரியைப் போடாமல் அளவையும் அதற்குச் சரியான எடையையும் அச்சிட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தது.

டின் வாங்கும்போதும் இதே கதைதான். 15 கிலோ டின் 2,400 ரூபாய் என்கிறார் ஒருவர். 15 லிட்டர் டின் 2,250-க்குத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். 150 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். 15 லிட்டருக்கு எடை 13.65 கிலோதான். முதலாமவர் விலைப்படி பார்த்தால் அதன் பெறுமானம் 2,184 ரூபாய். டின்னுக்கு 66 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். 40 டின்னுக்கு 2,640 ரூபாய். பில்லில் வெறுமனே ‘டின்’ என்று போட்டு வந்தால், எத்தனை கிலோ என்று எழுதி வாங்கிய பிறகுதான் நான் சரக்கை இறக்கச் சொல்வது.