பரணில் கிடக்கும் கறுப்புத் தட்டு: 30-க்கு மேல இசைத்தட்டு ஆசை வந்தவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தால், பரணிலிருந்து பித்தளை அண்டாவோடு சில நேரம் கறுப்பு இசைத்தட்டுகளும் இறங்கும். அண்டாவுக்கு எடைக்கடையில் விலை உண்டு. தட்டுகள் நேராகக் குப்பைக்குப் போகும். அதே தட்டைத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் 30, 40 வயதுக்காரர்கள் இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இது நிஜமாவே டிரெண்டா?

ஆமாம். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ கணக்குப்படி, 2022-ல் அங்கு சுமார் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன. சிடி சுமார் 3.3 கோடிதான். எண்ணிக்கையில் சிடியை வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. இந்தியாவிலும் 2024-ல் நவி மும்பையில் வினைல் அச்சடிக்கும் வேலை மீண்டும் தொடங்கியது.

போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, அப்புறம் எதுக்கு?

'சத்தம் துல்லியமா இருக்கும்' என்பார்கள். அளந்து பார்த்தால் டிஜிட்டல்தான் துல்லியம். தட்டில் கீறல் சத்தம்கூட சேர்ந்தே வரும். நிஜமான வித்தியாசம் வேறு. எல்பி தட்டில் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவது சிரமம். முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடணும். நாள் முழுக்க நோட்டிஃபிகேஷனோடு வாழ்கிறவர்களுக்கு அந்த 20 நிமிடம்தான் புதுசு.

சேலத்துக்கு இதுல என்ன பங்கு?

பெரிய பங்கு. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இயங்கியது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அந்த நிறுவனத்தின் தயாரிப்புகள். 1950-களில் இந்தப் படப் பாட்டுகள் வீட்டுக்கும், கல்யாணப் பந்தலுக்கும், திருவிழா குழாய் ஸ்பீக்கருக்கும் போனது இசைத்தட்டு வழியாகத்தான். 'ரெக்கார்டு டான்ஸ்' என்ற பெயரும் இந்தத் தட்டிலிருந்து வந்ததே.

ஸ்டுடியோ இப்போது இல்லை, நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அதனால் இந்த ஊர்ப் பரணில் கிடக்கும் ஒவ்வொரு தட்டும் ஊர் வரலாற்றில் ஒரு துண்டு.

எல்லாத் தட்டும் ஒண்ணுதானா?

இல்லை. லேபிளைப் படிங்க:

* 78 ஆர்பிஎம்: அரக்கு கலந்து செய்தது. கனமானது, கீழே விழுந்தால் உடையும். பக்கத்துக்கு ஒரு பாட்டு, சுமார் 3 நிமிடம். பழைய படப் பாட்டுகள் பெரும்பாலும் இதில்தான்.
* 33⅓ ஆர்பிஎம்: எல்பி. 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது. வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக்.
* 45 ஆர்பிஎம்: சின்ன வினைல் தட்டு.

பலர் கோட்டை விடும் இடம் இது. சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் கனமான தலையும் இரும்பு ஊசியும் இருக்கும். அது 78-க்கு மட்டும். எல்பியை அதில் வைத்தால் ஒரே தடவையில் வரிப்பள்ளம் பாழாகிவிடும். இன்றைய டர்ன்டேபிளின் ஊசி பெரும்பாலும் 2 கிராம் அளவில்தான் அழுத்தும். 78 கேட்க ஆசைப்பட்டால், அந்த வேகமும் அதற்கான தடித்த ஊசியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க.

புதுசா என்னென்ன வாங்கணும்?

டர்ன்டேபிள், ஃபோனோ ப்ரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். தட்டிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது. ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் பாட்டு சன்னமாக, பேஸ் இல்லாமல் கேட்கும். சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும். வாங்கும்முன் பாருங்க. பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த 'பழைய' கிராமபோன்களில் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்தவை ஏராளம்.

சேலம் வெயில்ல எப்படி வைக்கிறது?

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் மாதிரி நிற்க வையுங்க. ஓட்டுக்கு அடியில் கொதிக்கும் பரணும், வெயிலில் நிற்கும் காரும் வினைலை வளைத்துவிடும். 78-ஐ ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்கவே கூடாது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும்.

லேட்டா ஆரம்பிச்சா பரவாயில்லையா?

கோட்டயம் மாவட்டம் பிளாசநாலில் ஓர் உதாரணம் இருக்கிறது. கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சன்னி மேத்யூ, தான் சேர்த்த தட்டுகளை வைத்து 2015-ல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார். அங்கு சுமார் ஒரு லட்சம் தட்டுகள் இருக்கின்றன. இசைத்தட்டு சேகரிப்பாளர்களுக்கென மும்பையில் 1990 முதல் ஒரு சங்கமும் இயங்குகிறது.

அவ்வளவு பெரிசா யோசிக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்க. தட்டு கிடைத்தால் லேபிளில் உள்ள பெயர், எண் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்க. அதை வாங்கியது யார், எதற்கு வாங்கினார் என்று வீட்டுப் பெரியவங்களிடம் கேளுங்க. தட்டு நமக்குப் பிறகும் இருக்கும். அந்தப் பதிலைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுடணும்.